10,000 குதிரை ஜெயித்த இளவரசிக்கு ஏன் கார்ட்டூன் படம் இல்லை? - ‘ரிஜெக்டெட் பிரின்சஸ்’ வரைந்து காட்டும் பெண்கள்

13-ம் நூற்றாண்டு, மத்திய ஆசியா. மங்கோலிய அரசர் கைடுவின் மகள் குதுலுனுக்குக் கல்யாண வயது. மாப்பிள்ளைகள் வரிசைகட்டி வருகிறார்கள். பொண்ணு போட்டது ஒரே ஒரு கண்டிஷன்தான். அவரோடு மல்யுத்தம் செய்யணும். மாப்பிள்ளை ஜெயித்தால் கல்யாணம். தோற்றால் 100 குதிரைகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இப்படியே அவர் சேர்த்த குதிரைகள் 10,000-க்கும் மேல் என்று எழுதிவைத்திருக்கிறார் மார்கோ போலோ. ஒருமுறை பணக்கார இளவரசன் ஒருவன் 1,000 குதிரைகளோடு வந்து நிற்கிறான். அழகன், பலசாலி. இந்த ஒரு தடவை மட்டும் விட்டுக்கொடும்மா என்று அப்பாவும் அம்மாவும் கெஞ்சாத குறை. குதுலுன் கேட்கவில்லை. அவனையும் தூக்கிப் போட்டார். 1,000 குதிரைகளும் லாயத்துக்குப் போயின.

அனிமேஷன் படத்துக்கு இதைவிட வேறென்ன வேணும்? இளவரசி இருக்கிறார், புல்வெளி இருக்கிறது, காமெடிக்கு வரிசையாக மாப்பிள்ளைகள், போதாக்குறைக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள். ஆனாலும் பெரிய ஸ்டூடியோ எதுவும் குதுலுனை நாயகியாக வைத்து இளவரசி படம் எடுக்கவில்லை. அந்த வேலையைச் செய்தது, அதே துறையிலிருந்து வெளியே வந்த ஒரே ஒரு ஆள். அவருக்கும் படமெடுக்க வசதியில்லை. ஆளுக்கு ஒரு ஃப்ரேம் வரைந்தார், அவ்வளவுதான்.

லஞ்ச் டேபிளில் வந்த கேள்வி

அவர் பெயர் ஜேசன் போராத். ‘ஷ்ரெக்’, ‘குங் ஃபூ பாண்டா’ படங்களைத் தந்த டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனத்தில் எஃபெக்ட்ஸ் அனிமேட்டராக இருந்தவர். தீ, புகை, தண்ணீர் மாதிரியான விஷயங்களை அசைய வைப்பதுதான் அந்த வேலை. கதாபாத்திரங்களை டிசைன் செய்வது இன்னொரு டிபார்ட்மென்ட்.

சக ஊழியர்களோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிய அரட்டையில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. அனிமேஷன் இளவரசியாக ஆவதற்கு வாய்ப்பே இல்லாத பெண் யார்? விளையாட்டாகக் கேட்டதுதான். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்ல, லிஸ்ட் நீண்டுகொண்டே போனது. வேலையை விட்ட பிறகு, 2014-ல், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வரைந்து இணையத்தில் போட ஆரம்பித்தார். ‘ரிஜெக்டெட் பிரின்சஸ்’, அதாவது நிராகரிக்கப்பட்ட இளவரசிகள். சட்டென்று வைரல் ஆனது. 2016-ல் 100 பெண்களோடு புத்தகமாக வந்தது. 2018-ல் தாய்மார்களை மட்டும் வைத்து இரண்டாவது புத்தகமும் வந்தது.

பெரிய கண்கள், பளிச்சென்ற வண்ணம், நாடகத்தனமான லைட்டிங், ஒரு படத்தின் கிளைமாக்ஸில் பாஸ் பட்டனை அழுத்தியது போன்ற போஸ். பார்த்த உடனே ‘இது எந்தப் படம்?’ என்று தேடத் தோன்றும். அப்படியொரு படமே கிடையாது என்பதுதான் விஷயம். படத்துக்குக் கீழே நீளமான கட்டுரை. கிண்டலும் கேலியுமாக, நண்பனிடம் கதை சொல்கிற பாஷையில் இருக்கும். கடைசியில் ஓவியக் குறிப்புகள் என்று ஒரு பகுதி. எதை எதற்காக அப்படி வரைந்தேன் என்ற கணக்கை அவரே அங்கே ஒப்பிக்கிறார். நிறைய பேர் ஸ்க்ரோல் செய்து தாண்டிவிடுகிற பகுதி அது. உண்மையில் முக்கியமானது அதுதான். ஏன் என்பது பின்னால் புரியும்.

அது என்ன 2014?

அந்தச் சமயத்தில் கார்ட்டூன் இளவரசிகளைச் சுற்றி ஏற்கெனவே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

‘பிரேவ்’ படத்தின் மெரிடாவை ஞாபகம் இருக்கா? சுருள் முடி, வில்லும் அம்பும், மாப்பிள்ளையே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஸ்காட்லாந்துப் பெண். 2013-ல் அவரை டிஸ்னியின் அதிகாரபூர்வ இளவரசிகள் வரிசையில் சேர்க்கும்போது புதிதாக ஒரு படம் வெளியிட்டார்கள். இடுப்பு மெலிந்திருந்தது, கவுன் மினுமினுத்தது, வில்லையும் அம்பையும் காணோம். மெரிடாவை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே பகிரங்கமாக எதிர்த்தார். எதிர்ப்பு மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்து போட்டார்கள்.

அதே வருடம் ‘ஃப்ரோஸன்’ படத்தின் அனிமேஷன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஒரு பேட்டியில், பெண் கதாபாத்திரங்களை அசைய வைப்பது ரொம்பக் கஷ்டம், எல்லா உணர்ச்சியையும் காட்டவேண்டும், ஆனால் அழகும் குறையக் கூடாது என்கிற அர்த்தத்தில் பேசப்போக, இணையமே அவரை வறுத்தெடுத்தது. பாவம், தொழிலின் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டார்.

டேவிட் ட்ரம்பிள் என்ற ஓவியர் இன்னொரு வழியில் கோபத்தைக் காட்டினார். மேரி கியூரி, ரோசா பார்க்ஸ், மலாலா, ஆன் ஃபிராங்க் என 10 நிஜப் பெண்களை மினுமினுக்கும் டிஸ்னி இளவரசிகளாக வரைந்தார். மெரிடாவுக்கு நடந்ததைக் கிண்டலடிக்கத்தான். நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்து, முகாமில் செத்துப்போன ஒரு சிறுமிக்கு மினுமினு கவுன் போட்டால் எவ்வளவு அபத்தம் பாருங்கள் என்பது அவரது பாயின்ட். ஆனால் பார்த்தவர்களில் பலர் கிண்டலைக் கவனிக்கவே இல்லை. சூப்பரா இருக்கே, பொம்மையா வருமா என்ற ரேஞ்சில் போனது பேச்சு. மினுமினுப்புக்கு அப்படி ஒரு சக்தி.

போராத் வந்து இறங்கியது இந்தக் களத்தில்தான். அவரும் அதே மினுமினுப்பைத்தான் எடுத்தார். ஆனால் அதை மாட்டிவிட்டது வேறு மாதிரி ஆட்களுக்கு.

நகரத்தையே எரித்த புனிதர்

உதாரணத்துக்கு ஓல்கா. 10-ம் நூற்றாண்டு, இன்றைய உக்ரைன் தலைநகரான கீவ். அவருடைய கணவர் இகோர் மன்னர் 945-ல் டிரெவ்லியர் என்ற இனக்குழுவிடம் கப்பம் வசூலிக்கப் போனார். வாங்கிய பிறகும் இன்னும் கொஞ்சம் வேணும் என்று திரும்பிப் போனவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றதோடு விடவில்லை. எங்கள் தலைவரைக் கட்டிக்கொள்கிறாயா என்று விதவையான ஓல்காவுக்கே தூது அனுப்பினார்கள்.

முதலில் வந்த தூதுக் குழுவை, அவர்கள் வந்த படகோடு சேர்த்துக் குழியில் போட்டு உயிரோடு மூடினார். அடுத்து வந்த பெரிய மனிதர்களை, குளித்துவிட்டு வாருங்கள் என்று குளியல் வீட்டுக்கு அனுப்பி, கதவைச் சாத்தித் தீ வைத்தார். பிறகு கணவருக்குக் காரியம் செய்யவேண்டும் என்று விருந்து வைத்து, போதையில் கிடந்தவர்களை வெட்டச் சொன்னார். கடைசியில் அவர்களுடைய நகரத்தை முற்றுகையிட்டு, எனக்குப் பெரிய கப்பமெல்லாம் வேண்டாம், வீட்டுக்கு மூணு புறா, மூணு சிட்டுக்குருவி கொடுங்கள் போதும் என்றார். கொடுத்தார்கள். ஒவ்வொரு பறவையின் காலிலும் கந்தகம் சுற்றிய துணியைக் கட்டிக் கொளுத்திப் பறக்கவிட்டார். பறவைகள் கூட்டுக்குத் திரும்பின. ஊர் எரிந்தது.

பின்னாளில் இவர் கிறிஸ்தவராகி, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனிதராகவும் ஆனார்!

புருஷனைக் கொன்றதற்காக மதுரையை எரித்த கண்ணகியைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. அங்கேயும் தீ, இங்கேயும் தீ. தீ வைத்தவர் கும்பிடப்படுகிறார். ஆனால் டிக்கெட் வாங்கி, ஆறு வயதுப் பிள்ளையோடு தியேட்டருக்கு வரும் குடும்பத்துக்கு இதைப் படமாக எடுங்கள் என்று எந்த ஸ்டூடியோவில் போய்க் கேட்பது?

இன்னொன்றையும் சொல்லியாகணும். இதெல்லாம் எழுதப்பட்டது சம்பவம் நடந்து 150 வருடங்களுக்குப் பிறகு, துறவிகளின் கையால், ‘முதன்மை வரலாற்றுக் குறிப்பு’ எனப்படும் நூலில். பறவைகளை வைத்து ஊரை எரிக்கும் கதை வேறு சில தேசங்களிலும் வேறு சில பெயர்களில் உண்டு. ஓல்கா நிஜம், பழிவாங்கியதும் நிஜமாக இருக்கலாம். புறாக்கள் அநேகமாகக் கதை. புறாக்கள் இல்லாத ஓல்காவை யாராவது வரைவார்களா என்பது வேறு கேள்வி.

கதையை வெட்டினால் என்ன ஆகும்?

இவர்களையெல்லாம் இதற்கு முன் யாரும் தொட்டதே இல்லை என்று நினைத்தால் அது தப்பு. தொட்டிருக்கிறார்கள். தொட்டவர்கள் கையில் கத்தரிக்கோலும் இருந்தது.

குதுலுனையே எடுத்துக்கொள்ளலாம். ‘துராந்தோ’ என்று ஒரு புகழ்பெற்ற இத்தாலிய ஆபரா இருக்கிறது. புச்சினி இசையமைத்து, அவர் இறந்த பிறகு 1926-ல் மிலான் நகரில் அரங்கேறியது. மாப்பிள்ளைகளைப் பந்தயத்தில் தோற்கடிக்கும் இளவரசிதான் அதன் நாயகி. 1710 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் வெளியிட்ட கிழக்கத்தியக் கதைத் தொகுப்பிலிருந்து கிளம்பி, இத்தாலிய நாடகமாகி, ஆபராவாக முடிந்த கதை இது. இந்த இளவரசிக்குப் பின்னால் குதுலுனின் நிழல் இருப்பதாக ஜாக் வெதர்ஃபோர்டு போன்ற எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். பாரசீக இலக்கியத்தில் வேறு மூலம் இருக்கிறது என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் மேடைக்கு வந்த இளவரசியைப் பாருங்கள். மல்யுத்தம் போய் விடுகதை வந்துவிட்டது. புல்வெளி போய் பீஜிங் அரண்மனை வந்துவிட்டது. கடைசியில் காதலில் உருகித் தோற்கவும் செய்கிறார்.

மங்கோலியப் பதிவுகளின் குதுலுன் அப்பாவோடு போர்க்களத்துக்குப் போனவர். எதிரிப் படைக்குள் குதிரையில் பாய்ந்து, பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவது போல ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார் என்கிறார் மார்கோ போலோ. கடைசியில் யாரைக் கல்யாணம் செய்தார் என்பதில் பதிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றி அன்றைக்கே ஊரில் ஏகப்பட்ட கிசுகிசு. மல்யுத்த வளையத்தில் தோற்றதாக மட்டும் யாரும் எழுதவில்லை. மங்கோலிய மல்யுத்த வீரர்கள் இன்றும் மார்பு திறந்த சட்டைதான் போடுகிறார்கள். ஆண் வேஷத்தில் பெண் யாரும் வந்து ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த டிசைன் என்று அங்கே கதை சொல்வார்கள்.

டிஸ்னியின் அதிகாரபூர்வ இளவரசிகள் வரிசையில், வரலாற்றில் நிஜமாக வாழ்ந்தவர் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: போகஹான்டஸ். 1995-ல் வந்த படத்தில் அவர் வளர்ந்த இளம்பெண், ஆங்கிலேயக் கப்பல்காரர் ஜான் ஸ்மித்தின் காதலி. 1607-ல் ஸ்மித் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது நிஜ போகஹான்டஸுக்கு வயது 10 அல்லது 11. பிறகு ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்துப் பிணையாக வைத்தார்கள், மதம் மாற்றினார்கள், வேறொரு ஆங்கிலேயருக்குக் கல்யாணம் ஆனது, லண்டனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 1617-ல், ஊர் திரும்பும் வழியில், இங்கிலாந்து மண்ணிலேயே இறந்துபோனார். வயது 21 இருக்கலாம்.

படத்தில் காற்றில் பறக்கும் அந்த நீளக் கூந்தல் மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது.

ஒரு பெண்ணை அழகாக வரைவதில் பெரிய பிரச்சினை இல்லை. வரைந்த அழகுக்குப் பொருந்தாத பகுதிகளைக் கதையிலிருந்து வெட்டி எறியும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. போராத் செய்தது சிம்பிள். அழகாகவே வரைந்தார், எதையும் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக ரேட்டிங் கொடுத்தார். புத்தகத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வண்ணக் குறியீட்டோடு ஒரு எண் உண்டு. வன்முறை இருக்கிறதா, பாலியல் கொடுமை இருக்கிறதா என்பதெல்லாம் முன்னாடியே தெரிந்துவிடும். குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய கதைகள் முன்னால், கனமானவை பின்னால். புத்தகத்தை வாங்கும் அப்பா அம்மா, பிள்ளை வளர வளரப் பக்கங்களைத் திறந்துவிடலாம்.

நாற்காலி யார்?

வெட்டாமல் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எவ்வளவு சிக்கல் என்பதைக் காட்டுகிற பெண் இன்ஸிங்கா. இன்றைய அங்கோலா பகுதியில் இருந்த என்டோங்கோ, மடம்பா அரசுகளின் ராணி. 1580-களில் பிறந்து 1663-ல் இறந்தவர்.

1622 வாக்கில், அண்ணன் அரசராக இருந்தபோது, போர்ச்சுகீசிய ஆளுநரோடு பேச லுவாண்டா நகருக்குத் தூதராகப் போனார். ஆளுநருக்கு நாற்காலி. இவருக்குத் தரையில் விரிப்பு. கீழே உட்கார் என்று வாயால் சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு. இன்ஸிங்கா கண் காட்ட, கூட வந்த பணிப்பெண் ஒருவர் கையையும் காலையும் ஊன்றிக் குனிய, அவர் முதுகில் உட்கார்ந்து, ஆளுநரின் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசி முடித்தார். சரிக்குச் சமமான ஒப்பந்தத்தோடு திரும்பினார்.

செம சீன்தானே? இன்ஸிங்காவைப் பற்றி யார் எழுதினாலும், வரைந்தாலும், வீடியோ போட்டாலும் இந்த சீன் இல்லாமல் இருக்காது. இதைப் பரப்பியவர் கவாஸி என்ற இத்தாலியப் பாதிரியார். ராணியின் கடைசிக் காலத்தில் அவரோடு பழகியவர். 1687-ல் வெளியான அவரது புத்தகத்தில் இந்தக் காட்சி செதுக்கோவியமாகவே இருக்கிறது. அதாவது 300 வருடங்களுக்கு முன்பே இது விஷுவல் கன்டென்ட்.

கிளம்பும்போது அந்தப் பணிப்பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார், உட்கார்ந்த இருக்கையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் தனக்கில்லை என்று காட்டினார் என்றும் அந்தக் கதை நீள்கிறது. படிக்கும்போது விசிலடிக்கத் தோன்றும். ஒரு நிமிடம் நிதானித்தால், அந்தப் பணிப்பெண்ணுக்குப் பெயர் இல்லை என்பது உறைக்கும். முகமும் இல்லை. எல்லாப் படங்களிலும் அவர் குனிந்துதான் இருக்கிறார்.

இன்ஸிங்கா 30 வருடங்களுக்கும் மேலாகப் போர்ச்சுகீசியர்களோடு மோதினார். 1641-ல் டச்சுக்காரர்கள் லுவாண்டாவைப் பிடித்தபோது அவர்களோடு கூட்டணி வைத்தார். வயதான பிறகும் படை நடத்தினார். 1656-ல் போர்ச்சுகலோடு சமாதான ஒப்பந்தம் போட்டு, ராணியாகவே செத்தார். காலனி ஆதிக்கத்துக்கு இப்படிக் குடைச்சல் கொடுத்தவர்கள் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு. அங்கோலாவுக்கு அவர் தேசிய அடையாளம். 2002-ல் லுவாண்டாவில் சிலை திறந்தார்கள்.

அதே இன்ஸிங்கா போரில் பிடித்தவர்களை அடிமைகளாக விற்றவர். அந்த வியாபாரம்தான் அவரது அரசுக்குத் துப்பாக்கியும் கூட்டாளிகளும் தந்தது. போர்ச்சுகீசியர்கள் பிடித்துவைத்திருந்த தங்கையை மீட்கவும் அடிமைகளையே விலையாகக் கொடுத்தார். அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கோலாவை உள்ளடக்கிய மேற்கு-மத்திய ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள்.

இந்த இரண்டு இன்ஸிங்காவையும் ஒரே ஃப்ரேமில் எப்படி வரைவது? முடியாது என்பதே பதில். படம் ஒரு நேரத்தில் ஒரு முகபாவத்தைத்தான் காட்டும். நிமிர்ந்த தலை, கூர்ந்த பார்வை, பின்னணியில் வெளிச்சம் என்று வந்துவிட்டால் பார்ப்பவர் மனசு கட்சி மாறிவிடும். அதனால்தான் போராத்தின் படங்களுக்குக் கீழே இருக்கும் அந்த நீளமான எழுத்தும் ஓவியக் குறிப்புகளும் தேவைப்படுகின்றன. படம் ஆளை இழுக்கும், எழுத்து சங்கடப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு டேலி ஆகும். படத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால் கிடைப்பது இன்னொரு மினுமினு இளவரசி.

‘நாயகி’ என்று முத்திரை குத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை வேறொரு புத்தகம் அனுபவித்தே பார்த்தது. 2016-ல் வாசகர்களிடம் பணம் திரட்டி வெளியாகி உலகமெங்கும் விற்றுத் தீர்ந்த ‘குட்நைட் ஸ்டோரீஸ் ஃபார் ரெபெல் கேர்ள்ஸ்’ நூலில் 100 பெண்கள். அதில் மியான்மரின் ஆங் சான் சூச்சியும் ஒருவர். அடுத்த வருடமே ரோஹிங்யா மக்கள் லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு ஓட, அவரை நீக்குங்கள் என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். தூங்கப்போகும் பிள்ளைக்குச் சொல்லும் கதையில் ‘ஆனால்’ என்ற வார்த்தைக்கு இடமே வைக்காததன் விளைவு அது.

பூலான் தேவிக்கு இடமில்லாத பதிப்பு

போராத் மட்டும்தான் இந்த வேலையைச் செய்கிறார் என்றில்லை. பிரான்ஸைச் சேர்ந்த காமிக்ஸ் கலைஞர் பெனலோப் பாஜியு 2016-ல் ‘குலோத்தே’ என்ற தொடரை ‘லு மோந்த்’ நாளிதழின் இணையதளத்தில் வரைந்தார். துணிச்சல்காரிகள் என்று சொல்லலாம். 30 பெண்கள், ஆளுக்குச் சில பக்கங்கள், குறும்பான கோடுகள். 2020-ல் அது நிஜமாகவே அனிமேஷன் தொடராகப் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது. அமெரிக்கப் பதிப்புக்கு 2019-ல் காமிக்ஸ் உலகின் ஆஸ்கர் எனப்படும் ஐஸ்னர் விருது கிடைத்தது.

அந்த 30 பேரில் ஒருவர் பூலான் தேவி. பதின்ம வயதினருக்கான புத்தகமாக வந்த அமெரிக்கப் பதிப்பில் அவருடைய அத்தியாயம் மட்டும் இல்லை.

11 வயதில் தன்னைவிடப் பல வயது மூத்தவருக்குக் கட்டிவைக்கப்பட்டு, பாலியல் வன்கொடுமைகளுக்கு ஆளாகி, சம்பல் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்து தலைவியானவர் பூலான். 1981-ல் பேமாய் கிராமத்தில் 20 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது. 1983-ல் சரணடைந்து, விசாரணையே முடியாமல் 11 வருடம் சிறையில் இருந்து, 1996-ல் எம்.பி. ஆனார். 2001-ல் டெல்லியில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு பதிப்பாளர் தயங்குவது புரிந்துகொள்ள முடியாத விஷயமில்லை. ஆனால் இந்தக் கதையில் பூலானுக்கு அதெல்லாம் நடக்க ஆரம்பித்தபோது அவரே பிள்ளைதான்.

பூலான் விஷயத்தில் இன்னொரு கோணமும் இருக்கிறது. இந்த லிஸ்ட்டுகளில் வரும் பெரும்பாலான பெண்கள் எப்போதோ செத்துப்போனவர்கள், தங்களை எப்படி வரைந்தாலும் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. பூலான் கேட்டார். 1994-ல் சேகர் கபூர் இயக்கத்தில் ‘பண்டிட் குயின்’ வந்தபோது, தன் மேல் நடந்த வன்கொடுமையை இப்படித் திரையில் காட்ட யார் அனுமதி கொடுத்தது என்று டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். பிறகு அது சமரசத்தில் முடிந்தது. வெட்டினாலும் தப்பு, வெட்டாமல் காட்டினாலும் தப்பு ஆகலாம் என்கிற இடம் இது. ரேட்டிங் நம்பர் போட்டு இதைத் தீர்த்துவிட முடியாது.

ப்ராம்ப்ட் அடித்தால் வந்துவிடும் இளவரசி

2014-ல் போராத்துக்கு ஒரு படம் வரைய நாள்கணக்கில் ஆனது. படிப்பதற்கு அதைவிட அதிகம். 2023 கடைசியில் ஏஐ உதவியோடு டிஸ்னி-பிக்ஸார் பாணி போஸ்டர்கள் டிரெண்ட் ஆனது ஞாபகமிருக்கும். 2025-ல் ஜிப்லி ஸ்டைல் வந்து எல்லோருடைய டிபி-யையும் மாற்றியது. இப்போது எந்த ராணியின் பெயரைத் தட்டினாலும் அரை நிமிடத்தில் அனிமேஷன் நாயகி ரெடி.

நல்லதுதானே என்று கேட்கலாம். ஒரு வகையில் நல்லதுதான். மாய் பாகோ என்ற பெயரே தெரியாதவர், 1705-ல் முக்த்சர் போரில், குருவைக் கைவிட்டுப் போன 40 சீக்கியர்களைத் திட்டித் திருப்பிக் கூட்டிவந்து களத்தில் நின்றவர் என்று ஒரு ரீல்ஸ் மூலமாவது தெரிந்துகொண்டால் லாபமே. சிக்கல் வேறு இடத்தில். அவர் தலைப்பாகை எப்படியிருந்தது, கையில் என்ன ஆயுதம், பக்கத்தில் நின்றவர் யார் என்ற கேள்விகளை ஓவியர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டாக வேண்டும். இல்லாவிட்டால் கை நகராது. தெரியாத இடத்தில் எதையோ ஊகித்து வரைகிறார், ஊகித்தேன் என்று குறிப்பும் எழுதுகிறார். ப்ராம்ப்ட் அடிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஊகமும் உண்மையும் ஒரே பளபளப்பில் வந்து விழும். மெரிடாவின் இடுப்பை மெலியவைத்தது யார் என்றாவது அன்றைக்குத் தெரிந்தது. கையெழுத்து போட்டுச் சண்டைபோட ஒரு கம்பெனி இருந்தது.

கடைசியாக, நூர்

போராத் வரைந்தவர்களில் நிஜமாகவே ‘இளவரசி’ என்று அழைக்கப்பட்டவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் பரம்பரை. அப்பா சூஃபி ஞானியும் இசைக் கலைஞருமான இனாயத் கான், அம்மா அமெரிக்கர். 1914-ல் மாஸ்கோவில் பிறந்து, பாரிஸில் வளர்ந்தவர். கூச்ச சுபாவம், வீணை வாசிப்பார், குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். பொய் பேசக் கூடாது, உயிரைக் கொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த வீடு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் பிரிவு அவரை உளவாளியாகப் பயிற்றுவித்தது. பயிற்சி கொடுத்தவர்களில் சிலர், இவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது, உளவு வேலைக்குச் சரிப்படமாட்டார் என்ற பொருளில் அறிக்கை எழுதினார்கள். 1943 ஜூனில், நாஜிகள் பிடியிலிருந்த பிரான்ஸில் வயர்லெஸ் ஆபரேட்டராக இறங்கினார். சில நாட்களிலேயே அவர் சேரவேண்டிய குழு மொத்தமாகப் பிடிபட்டது. திரும்பி வந்துவிடு என்றது லண்டன். நூர் மறுத்துவிட்டார். சில மாதங்கள் பாரிஸ் முழுக்க இடம் மாறி மாறி, கனமான வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லண்டனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். யாரோ காசுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். தப்பிக்க முயன்றார், பிடித்தார்கள். மாதக்கணக்கில் விலங்கு மாட்டித் தனிச் சிறையில் வைத்தார்கள். கூட வேலை செய்தவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. பிரிட்டன் 1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தது.

இவரைக் கையில் துப்பாக்கியோடு, கண்ணில் நெருப்போடு வரைந்தால் பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அவர் தூக்கிச் சுமந்தது ரேடியோ பெட்டியைத்தான். வீரத்தை வரையச் சொன்னால் வாளையோ துப்பாக்கியையோ தேடும் பழக்கம் ஓவியர்களுக்கும் உண்டு, பார்ப்பவர்களுக்கும் உண்டு. நூரிடம் இருந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்த வாய். அதை எப்படி அனிமேட் செய்வது என்று டிஸ்னியிலும் டிரீம்வொர்க்ஸிலும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

போர் தொடங்கிய அதே 1939-ல் நூர் எழுதிய குழந்தைகள் புத்தகம் ஒன்று வெளியானது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலிருந்து 20-ஐ எடுத்து, ஆங்கிலத்தில் மறுபடி சொல்லியிருந்தார். குரங்கும் யானையும் மானும் பேசும் கதைகள். படங்களோடு வந்த அந்தப் புத்தகம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.